காணியும் கந்தோரும்: பூங்காவைக் கைமாற்ற ஊரைக் கேட்க வேண்டுமா?

இந்த மாதத் தபாலில் எல்லைத் தகராறு குறைவு. வந்த கடிதங்களில் பெரும்பகுதி பூங்கா, விளையாட்டிடம், வாசிகசாலை வளவு பற்றியது. ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு போவதால் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பதில் எழுதுகிறேன். மதில் பற்றிக் கேட்ட இரண்டு பேரும் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: அக்கா, என் மகன் அமெரிக்காவில் ஒஸ்ரின் நகரத்தில் இருக்கிறான். அங்கே மாநகர சபை பூங்காக் காணியில் ஒரு துண்டைக் கொடுப்பதென்றாலும் சனங்களிடம் வாக்குக் கேட்க வேண்டுமாம். லீவில் வந்து நிற்கும்போது, "உங்கட ஊரில கூட்டத்தில கையை உயர்த்தினால் சரி, எங்கட ஊரில அப்படி ஏலாது" என்று பெருமை பேசினான். உண்மையா, சும்மா அளக்கிறானா?
(ஒரு தாய், கொக்குவில்)

பதில்: உண்மைதான் தங்கச்சி. மகன் அளக்கவில்லை. ஆனால் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்.

ஒஸ்ரின் நகரத்துக்கென்று ஒரு சாசனம் உண்டு. பூங்காவுக்கென்று ஒதுக்கிய காணியை நகர சபை விற்கவோ, கைமாற்றவோ, குத்தகைக்கு விடவோ, ஈடு வைக்கவோ முடியாது. வாக்காளரில் பெரும்பான்மையோர் தேர்தலில் சம்மதித்தால் மட்டுமே முடியும் என்று அதில் எழுதியிருக்கிறது. இதை ஏட்டுச் சுரைக்காய் என்று நினைக்க வேண்டாம். 2021 நவம்பர் 2ஆம் திகதி அங்கே இப்படி ஒரு வாக்கெடுப்பு நடந்தது. ஏரிக்கரையோரமாக 9 ஏக்கர், எங்கள் கணக்கில் 144 பரப்பு. பக்கத்திலேயே ஒரக்கிள் என்ற பெரிய கணினிக் கம்பனியின் வளாகம்.

அந்த 9 ஏக்கரில் பிள்ளைகள் விளையாடவில்லை, ஊஞ்சலும் இல்லை. பூங்காப் பகுதியின் லொறிகளும் இயந்திரங்களும் நிற்கிற பராமரிப்பு முற்றமாகத்தான் அது இருந்தது. பார்க்கிறவர் கண்ணுக்கு அது பூங்காவே அல்ல. ஆனால் ஏட்டில் பூங்கா. அதனால் சபையார் நினைத்தபடி கைவைக்க முடியவில்லை, ஊரைக் கேட்க வேண்டி வந்தது.

கேட்ட விதத்தையும் சொல்ல வேண்டும். "கொடுக்கலாமா, கூடாதா" என்று மொட்டையாகக் கேட்கவில்லை. பதிலுக்கு என்ன வர வேண்டும் என்பதை வாக்குச்சீட்டிலேயே எழுதிவிட்டார்கள். ஏற்கெனவே உள்ள நகரப் பூங்கா ஒன்றை ஒட்டினாற்போல, நீர்க்கரையோடு, குறைந்தது 48 ஏக்கர் வர வேண்டும். அது 768 பரப்பு. பராமரிப்பு முற்றத்தை வேறோர் இடத்தில் புதிதாகக் கட்டுவதற்கான செலவும் வர வேண்டும். இன்னொரு பூங்காவுக்குள் இருக்கிற பழைய பராமரிப்புக் கட்டடத்தை அகற்றி அந்த நிலத்தைத் திரும்பப் பூங்காவாக்கவும் பணம் வர வேண்டும். சனங்கள் எழுபது வீதத்துக்கு மேல் சம்மதித்தார்கள். நானாக இருந்தாலும் சம்மதித்திருப்பேன். 144 பரப்புக் கொடுத்து 768 பரப்பு வாங்குகிற மாற்று உறுதி எங்கள் கந்தோருக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

இனி மகன் சொல்லாத பாதி. அந்தச் சாசனம் காணி கைமாறுவதைத்தான் மறிக்கிறது. காணி சபையின் கையிலேயே இருக்க, அதற்குள் ஒரு பெரிய குழாய் புதைப்பது, ஒரு பகுதியை வேறு வேலைக்கு எடுப்பது போன்றவற்றுக்கு டெக்சாஸ் மாநிலச் சட்டம் வேறு வழி வைத்திருக்கிறது. அதற்கு வாக்கெடுப்பு இல்லை. பத்திரிகையில் தொடர்ந்து மூன்று வாரம், வாரத்துக்கு ஒரு தடவை அறிவித்தல் போட்டு, பகிரங்கமாக ஒரு விசாரணை வைக்க வேண்டும். அதற்குப் பிறகு சபை இரண்டு விஷயங்களைத் தீர்மானமாகவே எழுத வேண்டும்: இதைவிட்டால் செய்யத்தக்க வேறு வழி இல்லை என்பது ஒன்று, பூங்காவுக்கு வரும் கெடுதியைக் குறைக்க இயன்ற எல்லாத் திட்டமும் செய்தாயிற்று என்பது மற்றது. பிழை என்று கருதுகிறவர் 30 நாளுக்குள் நீதிமன்றம் போகலாம்.

ஆகவே மகனிடம் கேளுங்கள்: விற்பதைச் சொல்கிறாயா, பாவனையை மாற்றுவதைச் சொல்கிறாயா? அங்கே இரண்டுக்கும் இரண்டு பாதை.

கேள்வி: அம்மா, நான் ஓய்வுபெற்ற பொறியியலாளர். எதற்கெடுத்தாலும் சனத்தைக் கேட்பது என்றால் ஒரு தண்ணீர்த் தாங்கிகூட எழும்பாது. பூங்காவின் மூலையில் தாங்கி கட்டினால் அதுவும் பொதுத் தேவைதானே? பொதுவில் இருந்து பொதுவுக்குப் போவதற்கு எதற்கு வாக்கு?
(நல்லூர் வாசகர்)

பதில்: ஐயா, நியாயமான கேள்வி. இதே வாதத்தை நியூயோர்க் மாநகரமே நீதிமன்றத்தில் வைத்தது, அதுவும் தண்ணீர் விஷயத்திலேயே.

வான் கோர்ட்லண்ட் என்று அங்கே ஒரு பெரிய பூங்கா. அதற்குள் இருக்கிற கோல்ப் திடலுக்குக் கீழே நிலத்தடியில் தண்ணீர் சுத்திகரிக்கும் நிலையம் கட்ட நகரம் திட்டமிட்டது. கட்டி முடித்து, மேலே மண் போட்டு, புல்லும் வைத்து, பழையபடி பூங்காவாகவே தருகிறோம் என்றது. காணி கைமாறவில்லை, தனியாருக்குப் போகவும் இல்லை, தண்ணீர் முழு நகரத்துக்கும். அப்படியிருந்தும் 2001இல் அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்று நகரத்துக்கு எதிராகத்தான் சொன்னது. பூங்காவின் ஒரு பெரும் பகுதியைப் பல வருடம் பூங்கா அல்லாத வேலைக்கு எடுப்பதென்றால் மாநிலச் சட்டசபையின் நேரடி அனுமதி வேண்டும் என்பது தீர்ப்பு. அங்கே வாக்காளரிடம் போகத் தேவையில்லை, சட்டசபையிடம் போக வேண்டும். நகரமும் போய்க் கேட்டது, சட்டசபை அனுமதி கொடுத்தது, நிலையமும் கட்டப்பட்டது. உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது ஐயா, ஆனால் அங்கே தாங்கி எழும்பாமல் போகவில்லை. முறையாகக் கேட்டுக் கட்டினார்கள், அவ்வளவுதான்.

வாக்கெடுப்பு வைத்தால் சனம் எல்லாவற்றையும் மறுத்துவிடும் என்பதும் அனுபவத்தில் சரியாக வரவில்லை. கலிபோர்னியாவில் பாலோ அல்டோ என்றொரு நகரம். பூங்காவாக ஒதுக்கிய காணியை விற்பதற்கும் சரி, பூங்காவாகப் பாவிப்பதைக் கைவிடுவதற்கும் சரி, வாக்காளரின் பெரும்பான்மை வேண்டும் என்று 1965 முதல் அதன் சாசனத்தில் இருக்கிறது. 2011இல் அங்கே ஒரு பூங்காவில் 10 ஏக்கரை விடுவித்து, சமையலறைக் கழிவில் இருந்தும் தோட்டக் குப்பையில் இருந்தும் சக்தி எடுக்கிற நிலையம் அமைக்கலாமா என்று வாக்கெடுப்பு. சுற்றாடல்காரர் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரு பகுதி, குப்பையை வேறு ஊருக்கு ஏற்றி அனுப்புவது பாவம் என்றது. மறு பகுதி, பூங்காவாக்குவோம் என்று உறுதிமொழி கொடுத்த நிலத்தைத் திருப்பி எடுப்பது பாவம் என்றது. சனம் அறுபது வீதத்துக்கு மேல் நிலையத்தின் பக்கம் நின்றது. நிலம் விடுவிக்கப்பட்டது. நிலையம் மட்டும் அங்கே எழும்பவில்லை. நகர சபை பிறகு வேறு வழியைப் பார்த்தது.

எனக்குச் சரியென்று படுவது இதுதான். ஒரு மின்கம்பத்துக்கும் கழிப்பறைக்கும் ஊர் முழுக்க வாக்குப் பெட்டி வைப்பது அசட்டு வேலை. விற்பனைக்கும் நீண்ட குத்தகைக்கும் வைக்கத்தான் வேண்டும். விற்றது திரும்பி வராது. 30 வருடக் குத்தகையும் என் வயதுக்காரருக்கு விற்பனைதான்.

கேள்வி: அன்ரி, எங்கள் இடத்தில் அப்பா காலத்தில் இருந்து பந்தடிக்கிற திடல் ஒன்று இருக்கிறது. எல்லோரும் அதை விளையாட்டிடம் என்றுதான் சொல்வார்கள். எந்தக் கடதாசியும் யாரிடமும் இல்லை. இவ்வளவு காலம் பாவித்ததே போதாதா?
(குருநகர் இளைஞர்)

பதில்: போதாது தம்பி. இந்த மாதக் கடிதங்களில் எனக்கு மிகவும் பயம் தந்தது உங்கள் கடிதம்தான்.

அமெரிக்க உதாரணத்தையே பாருங்கள். சன்டியாகோ நகரத்தில் விதி இன்னும் இறுக்கம். பூங்காவை வேறு பாவனைக்கு மாற்றுவதற்கே வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் சம்மதம் வேண்டும். சுடலைக்கும் சேமக்காலைக்கும்கூட அதே பாதுகாப்பைச் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். அதை வாசித்தபோது எழுதினவரின் கையைப் பிடித்துக் கும்பிடலாம் போல இருந்தது. ஆனால் இந்தப் பாதுகாப்பெல்லாம் யாருக்கு? நகர சபை உபவிதி இயற்றியோ, மாநிலச் சட்டசபை சட்டம் இயற்றியோ, "இது என்றென்றைக்கும் பூங்கா" என்று முறையாக ஒதுக்கிய காணிக்கு மட்டும். சனம் நடந்து திரிகிற, நாயைக் கூட்டிக்கொண்டு போகிற, பார்வைக்கு அசல் பூங்காவாகவே இருக்கிற ஒரு நிலம் அப்படி ஒதுக்கப்படாவிட்டால், மூன்றில் இரண்டு பங்கு என்ற பேச்சே எழாது. அதோடு, ஒதுக்கிய பூங்காவுக்குள்ளாலும் தெரு திறக்க நகர சபைக்கு அதிகாரம் விட்டு வைத்திருக்கிறார்கள். வேலியைச் சுற்றிவர அடைத்துவிட்டுப் படலையைச் சாத்தாமல் விட்ட மாதிரி.

எங்கள் பக்கத்துக் கதை ஒன்று சொல்கிறேன். ஊரையும் ஆட்களையும் சொல்ல மாட்டேன். 3 ஏக்கர் வளவு ஒன்றை வீட்டுக் காணிகளாகப் பிரித்து விற்பதற்குப் படம் கீறக் கொடுத்தார்கள். கீறியவள் நான். 48 பரப்பில் ஒழுங்கைகளுக்கு ஏறக்குறைய 8 பரப்புப் போனது. ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைப் பிரித்தால், தெரு நீங்கலாக மிஞ்சுவதில் பத்து வீதத்தைப் பொதுப் பாவனைக்கும் விளையாட்டுக்கும் விட வேண்டும் என்று நகர அபிவிருத்தி அதிகார சபையின் ஒழுங்குவிதி சொல்கிறது. அதனால் மிஞ்சிய 40 பரப்பில் 4 பரப்பைத் தெற்கு மூலையில் ஒதுக்கி, நடுவில் "விளையாட்டிடம்" என்று என் கையாலேயே எழுதினேன். அந்த மூலையில் ஒரு புளியமரம் நின்றது. அதையும் சின்ன வட்டமாகப் படத்தில் போட்டேன்.

படத்துக்கு அனுமதி கிடைத்தது. வீட்டுக் காணிகள் எல்லாம் விலைப்பட்டன. அந்த 4 பரப்பை மட்டும் சபைக்கு உறுதி எழுதிக் கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, சபையும் கேட்கவில்லை. படத்தில் விளையாட்டிடம், உறுதியில் பழைய சொந்தக்காரர் பெயர். அவர் காலமானார். வெளிநாட்டில் இருந்த வாரிசுகள் அற்றோணித் தத்துவம் கொடுத்து அதை நாலு துண்டாக்கி விற்றார்கள். புதிதாக வாங்கியவர்கள் அத்திவாரம் வெட்டிய அன்றுதான் சுற்றியிருந்த வீட்டுக்காரர் ஓடி வந்தார்கள். எல்லோரும் சொன்ன கதை ஒன்றுதான்: "நாங்கள் காணி வாங்கேக்க இதைப் பூங்கா எண்டுதானே சொன்னவங்கள்!" சொன்னார்கள், உண்மை. யாரும் எழுதவில்லை.

ஆகவே தம்பி, திடலைப் பற்றி ஒரு போராட்டம் தொடங்க முதல் மூன்று இடத்துக்குப் போங்கள். முதலில் மாநகர சபைக் கந்தோர். அந்தக் காணி சோலைவரிப் பதிவில் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். அடுத்தது காணிப் பதிவகம். பக்கத்துக் காணிக்காரரின் உறுதியை வாங்கி, எல்லைகள் எழுதிய பந்தியை வாசியுங்கள். "மேற்கு: இன்னாருக்குரிய காணி" என்று இருக்கும், உங்கள் திடலின் சொந்தக்காரர் பெயர் அங்கேயே அகப்படும். அந்தப் பெயரையும் காணியின் பெயரையும் வைத்துப் பதிவேட்டைத் தேடுவிக்கலாம். எங்கள் காணிகளுக்கெல்லாம் ஆளுக்கு வைப்பது போலப் பெயர் வைத்திருப்பது இந்த மாதிரி நேரத்தில்தான் உதவும். மூன்றாவது பிரதேச செயலகம். அரச காணி என்றால் அங்கே தெரியும். சபைக் காணியா, அரச காணியா, கோயில் காணியா, தனியார் காணியா என்று தெரிந்த பிறகு எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் வழி வேறு.

கேள்வி: வணக்கம். அமெரிக்காக் கதை இருக்கட்டும். இலங்கையில் ஒரு பூங்காவுக்காக ஊர் வாக்கெடுப்புக் கேட்க முடியுமா? முடியாவிட்டால் எங்களிடம் வேறு என்ன இருக்கிறது?
(சுன்னாகம் ஆசிரியை)

பதில்: ரீச்சர், கேட்க முடியாது. எங்கள் அரசியலமைப்பில் சர்வசன வாக்கெடுப்பு இருக்கிறது, ஆனால் அது நாடு முழுவதற்குமானது, அழைக்கிறவர் ஜனாதிபதி. 1982 டிசம்பர் 22இல் பாராளுமன்றத்தின் காலத்தை நீட்டுவதற்கு நடந்ததை என் வயதுக்காரர் மறந்திருக்க மாட்டார்கள். விளக்குக்குப் போட்டால் ஆம், குடத்துக்குப் போட்டால் இல்லை. யாழ்ப்பாணம் அள்ளி அள்ளிக் குடத்துக்குப் போட்டது, நாட்டில் விளக்கு வென்றது. ஒரு மாநகர சபையோ பிரதேச சபையோ தன் ஊராரிடம் பூங்காவுக்காக வாக்குக் கேட்கிற ஏற்பாடு எங்கள் சட்டத்தில் இல்லை. உறுப்பினர்கள் கூடிப் பெரும்பான்மையால் முடிவெடுப்பார்கள்.

உறுப்பினர்களே இல்லாத காலமும் உண்டு. 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்தது. அந்த மாதம் 9ஆம் திகதி நடக்க வேண்டிய தேர்தல் காசில்லை என்று தள்ளிப்போய், கடைசியில் 2025 மே 6இல்தான் நடந்தது. இடையில் இரண்டு வருடத்துக்கு மேல் ஆணையாளர்களும் செயலாளர்களும்தான் சபைகளை நடத்தினார்கள். அவர்கள் நல்லவர்களா இல்லையா என்பதல்ல என் கேள்வி. ஒஸ்ரினில் இருப்பது போல ஒரு விதி எங்களுக்கும் இருந்திருந்தால், சபை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பூங்காவில் கைவைக்க ஊரைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். அப்படிப்பட்ட விதியின் பயன் இந்த மாதிரிக் காலத்தில்தான் தெரியும்.

சரி, எங்களிடம் இருப்பதைச் சொல்கிறேன். இருப்பதும் குறைவில்லை.

கொழும்பு காலிமுகத்திடலை எடுங்கள். ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1856இல் அந்த நடைபாதையைத் தொடங்கி, 1859இல் முடித்து, கொழும்புப் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலனுக்காகத் தனக்குப் பின் வருகிறவர்களிடம் ஒப்படைப்பதாகக் கல்லில் வெட்டி வைத்தார். ஒன்றரை நூற்றாண்டு கழித்து, திடலை ஒரு தனியார் கம்பனியிடம் கொடுப்பதற்கு நகர அபிவிருத்தி அதிகார சபை ஒப்பந்தம் செய்தது. சுற்றாடல் அமைப்பு ஒன்று ஒப்பந்தத்தின் பிரதியைக் கேட்க, தர முடியாது என்றார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் போனது. 2005 தீர்ப்பு அமைப்பின் பக்கம். தகவலை மறுத்தது அடிப்படை உரிமை மீறல் என்றது நீதிமன்றம். அப்போது தகவல் அறியும் உரிமைச் சட்டமே எங்களுக்கு இல்லை.

அதற்குப் பிறகு 2008இல் வோட்டர்ஸ் எட்ஜ் வழக்கு. பத்தரமுல்லைப் பக்கம் பொதுத் தேவைக்கென்று சுவீகரித்த காணி, தனியார் கோல்ப் திடலாகிவிட்டது. அரசின் அதிகாரம் மக்களுக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருப்பது, அதை வைத்திருக்கிறவர் தன் இஷ்டத்துக்குக் கொடுக்க முடியாது என்று உயர் நீதிமன்றம் அந்தக் கொடுக்கல் வாங்கலையே கவிழ்த்தது. முன்னாள் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க 30 இலட்சம் ரூபா நட்டஈடு கட்ட வேண்டும் என்றும் தீர்ப்பில் இருந்தது. சட்டத்தரணியிடம் போகும்போது இந்த இரண்டு வழக்கின் பெயரையும் சொல்லுங்கள், அவர் நிமிர்ந்து உட்காருவார்.

ஆனால் காலக்கெடு கடுமை. அடிப்படை உரிமை மனு என்றால், மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். எங்கள் ஆட்கள் முதல் மாதம் கையெழுத்து வாங்குவார்கள், இரண்டாம் மாதம் மகஜர் கொடுப்பார்கள், மூன்றாம் மாதம் எம்பியைப் பார்ப்பார்கள். அதற்குள் கதவு சாத்தியாயிற்று. சபையின் முடிவை இரத்துச் செய்யக் கேட்டு, ரிட் மனு என்று மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகிற வழியும் உண்டு. அதிலும் தாமதித்தால் ஏன் என்று கேட்பார்கள்.

நீதிமன்றத்துக்கு முந்திய இடம் அபிவிருத்தித் திட்டம். நகர அபிவிருத்தி அதிகார சபை தன் பிரதேசங்களுக்கு எந்த நிலம் எந்தப் பாவனைக்கு என்று வலயம் பிரித்துப் படம் தயாரிக்கும். அந்த வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபனை கேட்பார்கள். வாக்குக்கு அடுத்தபடியாக ஊரின் வாய்க்குக் கிடைக்கிற சந்தர்ப்பம் அதுதான். அந்தப் படத்தைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் காணி வாங்கி விற்கிறவர்கள். விளையாட்டுக் கழகத்தில் இருந்தும் சனசமூக நிலையத்தில் இருந்தும் ஆளுக்கு ஒருவர் போய், தங்கள் திடல் எந்த வலயத்தில் விழுந்திருக்கிறது என்று பார்த்தால் எவ்வளவு நல்லது.

நாளைக்கு எங்களுக்கும் வாக்கெடுப்பு விதி வந்தால் என்ன செய்வோம் என்று யோசிப்பதுண்டு. யாருக்கு வாக்கு? பந்தடிக்கிற பொடியனுக்குப் பதினெட்டு ஆகவில்லை. வளவு இருக்கிறவர் பாதிப்பேர் ரொறன்ரோவிலும் இலண்டனிலும். வாடகைக்கு இருக்கிறவரின் பெயர் அவரின் சொந்த ஊர் இடாப்பில். நாவற்குழிப் பக்க எல்லையில் இருக்கிறவருக்குக் கொட்டடித் திடலைப் பற்றி என்ன கவலை? அமெரிக்க நகரங்களில் முழு நகரமும் வாக்களிக்கிறது. இங்கே அந்த வட்டாரம் தனியாகவும் சம்மதிக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி நான் கேட்பேன்.

கேள்வி: யாழ்ப்பாணத்துப் பழைய பூங்காவை யார் உண்டாக்கியது?
(சுண்டிக்குளி, எட்டாம் வகுப்பு மாணவி)

பதில்: டைக் துரை என்று சொல்வார்கள் பிள்ளை. முழுப் பெயர் பேர்சிவல் அக்லண்ட் டைக். 1829 முதல் 1867 வரை, ஏறக்குறைய நாற்பது வருடம் இங்கே அரசாங்க அதிபர். பூங்காவில் நிற்கிற பழைய மரங்களின் பெயர்களை எழுதி அனுப்பு, அடுத்த இதழில் போடுகிறேன்.

கேள்வி: தகவல் அறியும் உரிமை விண்ணப்பம் போடு என்று எல்லோரும் சொல்கிறார்கள். எப்படி எழுதுவது, என்ன கேட்பது? போய் நின்றால் கந்தோரில் முறைக்கிறார்கள்.
(மானிப்பாய் வாசகர்)

பதில்: முறைத்தால் முறைக்கட்டும் அண்ணா. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் உங்கள் பக்கம். தமிழிலேயே எழுதலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. விண்ணப்பத்துக்குக் கட்டணமும் இல்லை. சபையின் தகவல் அலுவலருக்கு என்று விலாசமிடுங்கள்.

"எங்கள் பூங்காவைப் பற்றிய விபரம் தரவும்" என்று எழுதினால் ஒரு வரிப் பதில்தான் வரும். இப்படிக் கேளுங்கள்: "இன்ன வீதியில், இன்ன பெயரால் அழைக்கப்படும் காணி சபைக்கு உரித்தானதா? ஆமெனில் உறுதி இலக்கமும் திகதியும், நில அளவைப்பட இலக்கமும் துண்டு இலக்கமும் தரவும். அக்காணியைப் பூங்காவாக அல்லது விளையாட்டிடமாக ஒதுக்கிய சபைத் தீர்மானத்தின் பிரதி தரவும். 2023 மார்ச் முதல் இன்று வரை அக்காணி தொடர்பாக வழங்கப்பட்ட குத்தகை, அனுமதி, ஒப்பந்தம் அனைத்தின் பிரதிகளும் தரவும்." ஒதுக்கிய தீர்மானம் எதுவும் இல்லை என்று பதில் வந்தாலும் சோர வேண்டாம். அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு உங்கள் வட்டார உறுப்பினரிடம் போய், அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவரச் சொல்லலாம். கை உயர்த்தி ஒரு காணியைக் கொடுக்க முடிந்தவர்களுக்கு, கை உயர்த்தி ஒதுக்கவும் முடியும்.

கொடுத்த கையோடு எழுத்தில் ஏற்புச் சீட்டு வாங்குங்கள், அதைத் தர அவர்கள் கடமைப்பட்டவர்கள். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ, 14 நாளுக்குள் அதே சபையின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அங்கேயும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பில் உள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு எழுதலாம். முதல் 14 வேலை நாளும் ஏற்புச் சீட்டின் திகதியை வைத்துத்தான் எண்ணப்படும், அதனால் அதைப் படப் பிரதி எடுத்து இன்னொருவர் வீட்டிலும் ஒன்றை வைத்துவிடுங்கள்.